நாற்பத்தோராவது ஊர்

786

குருந்தம்பட்டி
2-5-1976

அன்புள்ள அரசப்பனுக்கு,

ஹனிபா எழுதுவது. போன வாரம் காரைக்குடிக்குப் போனபோது உன் அப்பாவைப் பட்டறையில் பார்த்தேன். கதவுக்கு இழைப்புளி தள்ளிக்கொண்டே, "அமெரிக்காவுக்குப் போனவன் நாலு வரிக்கு மேல எழுத மாட்டேங்குறான், அங்குட்டு மையி விலை சாஸ்தியா தம்பி?" என்று கேட்டார். பதில் நீயே எழுது.

இங்கே தண்ணீர் இல்லை. ஊருணி மாசியிலேயே வறண்டு வெடித்துவிட்டது. ஊருக்கு மிச்சம் இருப்பது பெரிய வீட்டுக் கிணறு ஒன்றுதான். அந்த வீடு உனக்கு நினைவிருக்கும். செட்டியார் குடும்பம் மெட்ராஸ் போய்ப் பதினைந்து வருடம் ஆகிறது. காவல் இருக்கும் முத்துக்கருப்பன் காலையில் அரைமணி, மாலையில் அரைமணி பின்கட்டைத் திறந்துவிடுகிறார். அதற்குள் எத்தனை குடம் நிறைகிறதோ அதுதான் ஊருக்குத் தண்ணீர். கிடைக்காதவர்கள் மூன்று மைல் நடக்க வேண்டும்.

அம்மாவுக்கு முழங்கால் மடங்கவில்லை. அதனால் பொங்கலுக்குப் பிறகு தங்கை பல்கீஸ் பள்ளிக்கூடம் போகவில்லை. நான் காலை எட்டுக்குச் சைக்கிளை எடுத்தால்தான் ஆபீசுக்குப் போய்ச் சேர முடியும், வேறு யார் இருக்கிறார்கள்? வருகிற வருடம் எஸ்.எஸ்.எல்.சி. எழுத வேண்டிய பெண் குடத்தோடு வரிசையில் நிற்கிறது. நிற்கிற நேரத்தில் கரித்துண்டால் பெரிய வீட்டுச் சுவரில் கணக்குப் போடுகிறாளாம். முத்துக்கருப்பன் என்னிடம் வந்து, "செட்டியார் வீட்டுச் சுவத்துல கோடு போட்டா ஏந்தலை உருளும் தம்பி, சொல்லி வைங்க" என்றார். சொன்னேன். அவள் கேட்கவில்லை.

இப்போது விஷயம். ஆகஸ்டில் எங்கள் பஞ்சாயத்து யூனியனுக்குத் துளை போடும் லாரி வருகிறது. பன்னிரண்டு ஊருக்குத்தான் அடிபம்பு. ஊர்கள் நாற்பத்தொன்று. எந்த ஊருக்கு முதலில் என்று வரிசை போட வேண்டியது புள்ளிவிவரக் குமாஸ்தாவான நான். நாற்பத்தொன்றில் ஒன்று குருந்தம்பட்டி. சேர்த்தால் சொந்த ஊருக்குப் போட்டுக்கொண்டான் என்பார்கள். சேர்க்காவிட்டால் பல்கீஸ் முகத்தில் எப்படி விழிப்பேன்? நான் கை வைக்காமல் நடக்க வேண்டும். உன் மெஷின் எந்தக் கணக்கானாலும் போடும் என்று பீற்றிக்கொண்டாயே, இதைப் போடுமா?

உன்,
ஹனிபா


நியூ ஜெர்சி
20-5-1976

அன்பு ஹனிபாவுக்கு,

போடுமா என்றா கேட்கிறாய்? மாப்ளே, இதற்காகவே பிறந்த மெஷின் இது.

நான் வேலை செய்யும் ஆராய்ச்சிக்கூடத்தில் புள்ளிவிவரத்துக்கென்றே புதிதாக ஒரு கம்ப்யூட்டர் மொழி செய்துகொண்டிருக்கிறார்கள். பெரிய மண்டைகள் அதன் உடம்பைச் செய்கின்றன. எனக்கு ஒரு விரல் கொடுத்திருக்கிறார்கள். அந்த விரலைப் பற்றி எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

கல்யாண வீட்டுச் சமையலை நினைத்துக்கொள். சாம்பாருக்கு ஒருவர், பாயசத்துக்கு ஒருவர் என்று தனித்தனி ஆட்கள். இந்த மொழியில் அவர்களுக்கு ஃபங்ஷன் என்று பெயர். ஒவ்வொருவருக்கும் என்ன சாமான், எவ்வளவு என்று சொல்ல வேண்டும். அது ஆர்கியுமெண்ட். சொல்லாமல் விட்டதை அவர் தன் வழக்கப்படி போட்டுக்கொள்வார். இதுவரை எந்த ஆளுக்கு என்ன சாமான் என்று முன்கூட்டியே எழுதி வைத்தால்தான் வேலை நடக்கும். நான் செய்திருப்பது ஒரு மேஸ்திரி. அவனிடம் ஆளின் பெயரையும் சாமான்களைக் கட்டிய ஒரு பொட்டலத்தையும் கொடுத்தால் போதும். யார் சமைப்பது, பொட்டலத்தில் என்ன இருப்பது எல்லாவற்றையும் அடுப்பு எரியும்போதே தீர்மானிக்கலாம். மேஸ்திரி பொட்டலத்தை அந்த ஆளிடம் கொடுத்து வேலை வாங்கிவிடுவான்.

ஊர்களை வரிசைப்படுத்த மூன்று முறை இருக்கிறது. மூன்றையும் ஒரே பொட்டலத்தோடு மேஸ்திரியிடம் விடுகிறேன். நீ கணக்கை மட்டும் அனுப்பு: ஜனத்தொகை, நடக்கிற தூரம், கிணற்று ஆழம், எத்தனை மாதம் வறட்சி. மெஷினுக்கு உன்னையும் தெரியாது, என்னையும் தெரியாது. பல்கீஸை விட்ட இடத்திலிருந்து படிக்கச் சொல். அப்பாவுக்கு ஆறு வரி எழுதிவிட்டேன்.

உன்,
அரசப்பன்


786

குருந்தம்பட்டி
8-6-1976

அன்புள்ள அரசப்பனுக்கு,

ஃபங்ஷன் என்கிறாய், ஆர்கியுமெண்ட் என்கிறாய். இங்கே இரண்டும் கல்யாண வீட்டில்தான் நடக்கும். ஆகவே உன் உதாரணம் எனக்கு நன்றாகப் புரிந்தது.

நாற்பத்தொரு ஊர்க் கணக்கும் இத்துடன் இருக்கிறது. உன் கடிதத்துக்குக் காத்திராமலே தொடங்கிவிட்டேன்: பத்தொன்பது நாள், சைக்கிள், கயிற்றில் கட்டிய கல். ஒவ்வொரு கிணற்றிலும் நானே கயிறு இறக்கி அளந்தேன். ஒன்றில் மட்டும் முடியவில்லை, அது எங்கள் ஊர்க் கிணறு. முத்துக்கருப்பன் குறுக்கே நின்றுகொண்டார். "தண்ணி எடுங்க, வேணாங்கல. கயிறு எறக்கி அளக்குறதுன்னா ஆச்சி மெட்ராசுலேருந்து எழுதிக் குடுக்கணும். ஆபீசுக்காரக அளந்தா நாளைக்குக் கவருமெண்டு கெணத்த எடுத்துக்கும்னு பயப்படுவாக." செட்டியார் வீட்டு ஆச்சிக்கு எழுதினேன், பதில் இல்லை.

அந்தக் கிணறு நாற்பத்திரண்டு அடி என்று சின்ன வயதிலிருந்தே எனக்குத் தெரியும். ஆனாலும் மற்ற நாற்பதை அளந்துவிட்டு, சொந்த ஊருக்கு மட்டும் நினைவிலிருந்து எழுத மனம் ஒப்பவில்லை. கட்டத்தைக் காலியாக விட்டு, பக்கத்தில் 'வீடு பூட்டு' என்று எழுதியிருக்கிறேன். காலிக் கட்டத்தை உன் சமையல்காரர்கள் என்ன செய்வார்கள் என்று பார்த்துக்கொள்.

இன்னொன்று. இந்தக் கணக்கு கடல் தாண்டியது யாருக்கும் தெரியாது, தெரியவும் கூடாது. காலம் எப்படி இருக்கிறது என்று உனக்குத் தெரியும். எங்கள் ஆபீசில் ஒருவரை, மேலிடத்தைப் பற்றி டீக்கடையில் பேசியதற்காக அனுப்பிவிட்டார்கள். ஆபீசுக்கு எழுதாதே. என்ன அவசரமானாலும் தந்தி அடிக்காதே. வீட்டு விலாசத்துக்குக் கடிதம் மட்டும் போடு.

உன் கடிதத்தைப் பல்கீஸ் என்னிடமிருந்து பிடுங்கிப் படித்தாள். பம்பு வந்தால் ஜூலைக்குள் பள்ளிக்கூடத்தில் திரும்பச் சேர்த்துவிடுவேனா என்று கேட்டாள். லாரியே ஆகஸ்டில்தான் வரும் என்றேன். "தலைமையாசிரியர்கிட்ட இப்பவே சொல்லி வையிங்கண்ணே, பேரை எடுக்காம வச்சிருப்பாக" என்றாள். சொல்லி வைத்திருக்கிறேன்.

உன்,
ஹனிபா


நியூ ஜெர்சி
4-7-1976

அன்பு ஹனிபாவுக்கு,

இங்கே இன்று சுதந்திர தினம், இருநூறாவது. ஊரே வாணம் விடுகிறது. நான் உன் நாற்பத்தொரு ஊரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

காலிக் கட்டத்துக்குக் குறிப்பு வைத்துவிட்டேன். அளக்க முடியாத கிணறு என்றால் இல்லாத கிணறு என்று எடுத்துக்கொள், அதுதான் என் குறிப்பு. பூட்டிய வீட்டுக் கிணறு ஊருக்கு எந்த வகையில் சொந்தம், சொல்?

மூன்று முறையிலும் ஏறத்தாழ ஒரே விடைதான் வந்தது. முதல் பன்னிரண்டு ஊரையும் தனித்தாளில் கையால் எழுதி வைத்திருக்கிறேன். அச்சு மெஷின் தாளை ஆபீசில் யாராவது பார்த்தால் வம்பு.

ஹனிபா, பன்னிரண்டில் குருந்தம்பட்டி இல்லை. இரண்டு தரம் பார்த்தேன். என்னால் என்ன செய்ய முடியும்? நீ கேட்டபடி யார் கையும் படாமல் வந்த வரிசை இது. பல்கீஸிடம் நான் வருத்தப்பட்டதாகச் சொல்.

உன்,
அரசப்பன்


786

குருந்தம்பட்டி
22-8-1976

அன்புள்ள அரசப்பனுக்கு,

உன் பட்டியலை என் கையெழுத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன். அதிகாரி ஒவ்வொரு ஊராகக் கேட்டார், ஒவ்வொன்றுக்கும் கணக்குக் காட்டினேன். கடைசியில், "சொந்த ஊர்ப் பேரே இல்லையே ஹனிபா, உங்கள மாதிரி நாலு பேர் இருந்தா போதும்யா" என்று தோளில் தட்டினார். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அன்றைக்குப் பெருமையாக இருந்தது.

ஊரில் அந்தப் பெருமை செல்லவில்லை. லாரி இங்கே வராது என்று தெரிந்த நாளிலிருந்து பள்ளிவாசலில் எனக்குப் பக்கத்தில் உட்கார ஆள் இல்லை. கிணற்று வரிசையில் பல்கீஸ் காதுபடவே, "சொந்த ஊருக்கு ஒரு பம்பு வாங்க வக்கில்ல, இவரு ஆபீசராம்" என்று பேசுகிறார்களாம். நான் ஆபீசர் இல்லை, குமாஸ்தா என்று எத்தனை பேரிடம் சொல்வது? அம்மாவோ காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், அவ்வளவுதான்.

மற்ற ஊர்களை நான் பார்த்திருக்கிறேன், நம்மைவிட மோசம்தான் என்று என்னையே சமாதானம் செய்துகொள்கிறேன். பல்கீஸ் மட்டும் விடவில்லை. "பன்னெண்டுல இல்ல, சரி. அப்ப நம்ம ஊரு எத்தனாவதுண்ணே?" என்கிறாள். எனக்குத் தெரியவில்லை. பதின்மூன்று என்றால் அடுத்த வருடம் நமக்குத்தான் என்று சொல்லி அவளைத் தேற்றலாம். முப்பது என்றால் வேறு ஏதாவது சொல்ல வேண்டும். அந்தத் தாளைப் பார்த்து ஒரு வரி எழுது. செப்டம்பர் இருபதோடு லாரி வேறு யூனியனுக்குப் போய்விடும்.

உன்,
ஹனிபா


நியூ ஜெர்சி
5-9-1976

ஹனிபா,

எப்படி எழுதுவதென்று தெரியவில்லை, நேராகவே எழுதிவிடுகிறேன்.

உன் கடிதம் பார்த்ததும் அச்சடித்த தாளை எடுத்தேன். பதின்மூன்றிலிருந்து கீழே விரல் வைத்துத் தேடினேன். கடைசி வரை குருந்தம்பட்டி இல்லை. மேலிருந்து மறுபடி தேடினேன். எங்குமே இல்லை.

தப்பு என்னுடையது. காலிக் கட்டத்துக்கு நான் வைத்த குறிப்பு மேஸ்திரியிடம் போனது. அந்த மேஸ்திரிக்கும் அதே பெயரில் சொந்தமாக ஒரு குறிப்பு உண்டு. நான் அவனைச் செய்தபோது வைத்தது, பிறகு மறந்துவிட்டேன். அதனால் என் குறிப்பைத் தனக்கு வந்தது என்று நினைத்து மடியில் செருகிக்கொண்டான். பொட்டலம் சமையல்காரர்களிடம் போனபோது குறிப்பு அதில் இல்லை. சொல்லாததை வழக்கப்படி செய்வார்கள் என்று நானே உனக்கு எழுதினேனே, அவர்கள் வழக்கம் என்ன தெரியுமா? ஒரு கட்டம் காலியாக இருந்தால் அந்த வரியையே எடுத்துப் போட்டுவிட்டு மற்றதைச் சமைப்பது. சத்தமே இல்லாமல். மூன்று பேரும் அதையே செய்திருக்கிறார்கள். அதனால்தான் மூன்று விடையும் ஒத்துப்போனது. அதைப் பார்த்து நான் வேறு மகிழ்ந்தேன்.

குறிப்பைச் சரியாக உள்ளே அனுப்பி மறுபடி ஓட்டினேன். குருந்தம்பட்டி இரண்டாவது.

இரண்டாவது, ஹனிபா.

தந்தி ஆபீசுக்கு இரண்டு தரம் போய்த் திரும்பினேன். நீ சொன்னது நினைவுக்கு வந்து வாசலோடு வந்துவிட்டேன். இந்தக் கடிதம் இருபதாம் தேதிக்குள் உன் கைக்கு வருமா என்று நாள் எண்ணிக்கொண்டிருக்கிறேன். வந்தால் உன்னால் ஏதாவது செய்ய முடியுமா? பழைய தாளையும் புதுத் தாளையும் இத்துடன் அனுப்புகிறேன். இதற்கு மேல் என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அரசப்பன்


786

குருந்தம்பட்டி
20-9-1976

அன்புள்ள அரசப்பனுக்கு,

உன் கடிதம் பதினேழாம் தேதியே வந்துவிட்டது. வராமல் இருந்திருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன்.

பதினெட்டாம் தேதி பன்னிரண்டாவது துளை. கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு லாரிக்குப் பக்கத்தில் நின்றேன். அதிகாரி புளியமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய், "சார், குருந்தம்பட்டிய மட்டும் மறுபடி ஒரு தடவ பாக்க முடியுமா? கணக்குல விட்டுப்போச்சோன்னு ஒரு சந்தேகம்" என்றேன். அவர் சிரித்தார். "கடைசி நாள்ல ஊர்ப்பாசம் வந்துருச்சாக்கும். பட்டியல் போட்டது நீங்கதானே ஹனிபா? எங்க விட்டுப்போச்சு, காட்டுங்க."

எதைக் காட்டுவது? காட்ட வேண்டியது என் பையில்தான் இருந்தது. அது அமெரிக்காவிலிருந்து வந்தது என்றால் என் வேலை போகும். வேலையோடு போனால் பரவாயில்லை என்றுதான் ஒரு நிமிஷம் நினைத்தேன். என்னை உள்ளே போட்டுவிட்டால் அம்மாவும் பல்கீஸும் என்ன ஆவார்கள்? அதோடு, சொந்த ஊரை இரண்டாவது இடத்தில் வைத்த ஒரு தாளை நானே நீட்டினால் யார் நம்புவார்கள்? நானாக இருந்தாலும் நம்பமாட்டேன்.

அந்தப் பன்னிரண்டாவது ஊர்ப் பெண்கள் குடங்களோடு சுற்றி நின்றார்கள். அவர்களும் இரண்டு வருடமாக நடப்பவர்கள்தான். தண்ணீர் பீறிட்டதும் ஒரு அம்மாள் முதல் சொம்பை என்னிடம்தான் கொண்டுவந்தார். "குடிங்கய்யா, ஒங்க புண்ணியம்" என்றார். நோன்பு என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன்.

லாரி இன்று காலை போய்விட்டது. பல்கீஸிடம் நம் ஊர் பதின்மூன்றாவது என்று சொல்லியிருக்கிறேன்.

ஹனிபா


நியூ ஜெர்சி
6-10-1976

அன்பு ஹனிபாவுக்கு,

உன் அதிகாரிக்கு நானே எழுதட்டுமா? தப்பு முழுக்க என்னுடையது, உனக்கு ஒன்றும் தெரியாது என்று எழுதுகிறேன். வேண்டாம் என்றால் சொல். அந்தக் கிணற்று வீட்டு ஆச்சிக்கு எழுதட்டுமா? என் பணத்தில் ஊருக்கு ஒரு துளை போட முடியுமா, யாரைக் கேட்க வேண்டும்? எதையாவது செய்யச் சொல். சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை.

இங்கே என் மேஸ்திரியை எல்லோரும் புகழ்கிறார்கள். பெரிய ஆள் ஒருவர் கைகொடுத்துவிட்டுப் போனார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

உன்,
அரசப்பன்


நியூ ஜெர்சி
28-3-1977

அன்பு ஹனிபாவுக்கு,

இது நான்காவது கடிதம். அக்டோபரிலிருந்து உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. அப்பா எழுதும்போது, ஹனிபா வந்துபோனான், நலமாக இருக்கிறான் என்று எழுதுகிறார். எனக்கு மட்டும் நீ எழுதுவதில்லை. நியாயம்தான்.

அங்கே தேர்தல் முடிந்து எல்லாம் மாறிவிட்டது என்று பத்திரிகையில் படித்தேன். இனிப் பயமில்லையே? இப்போது அந்தத் தாள்களை எடுத்துக் காட்டலாமே. மேஸ்திரியையும் திருத்திவிட்டேன், எந்தக் குறிப்பும் இனி வழியில் தங்காது. பல்கீஸ் பரீட்சை எழுதினாளா? அதையாவது எழுது.

உன்,
அரசப்பன்


786

குருந்தம்பட்டி
17-4-1977

அன்புள்ள அரசப்பனுக்கு,

உன் நான்கு கடிதமும் வந்தன. எழுத உட்காருவேன், என்ன எழுதுவதென்று தெரியாமல் மூடிவைத்துவிடுவேன். உன் மேல் கோபமில்லை. இருந்தால் அதையாவது எழுதியிருப்பேன்.

நீ கேட்டதற்குப் பதில்: பல்கீஸ் பரீட்சை எழுதவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு நிக்காஹ் முடிந்தது. மாப்பிள்ளைக்குத் தேவகோட்டையில் பாத்திரக்கடை. நல்ல மனிதர்தான். ஐப்பசி மழையும் பொய்த்த பிறகு அம்மாதான் இந்த இடத்தைப் பேசி முடித்தாள். சம்பந்தம் பேச வந்தவர்களிடம் அம்மா வேறு எதுவும் கேட்கவில்லை. "வீட்டுக்குள்ளயே பைப்பு இருக்குதாம்ப்பா, எம்புள்ள இனிமே குடம் தூக்க வேணாம்" என்று என்னிடம் சொல்லி அழுதாள்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு, பெட்டியில் துணி அடுக்கும்போது நீ அனுப்பிய பழைய அச்சுத் தாள் பல்கீஸ் கையில் அகப்பட்டது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "யூனியன்ல எத்தன ஊருண்ணே?" என்றாள். நாற்பத்தொன்று என்றேன். "இதுல நாப்பதுதான் இருக்கு" என்றாள்.

அரசப்பா, அவள் எண்ணினாள், அவ்வளவுதான். நீயும் எண்ணவில்லை, மொத்தம் எத்தனை என்று நானும் எழுதிக் கேட்கவில்லை.

எது குறைகிறது என்று தேடி அவளே கண்டுபிடித்தாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன், பதின்மூன்று என்று பொய் சொன்னதையும் சொன்னேன். அவள் அழவில்லை, திட்டவில்லை. "காலியா இருந்தா, இது ஏன் காலியா இருக்குன்னு அந்த மெசினு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?" என்றாள். அதற்குக் கேட்கத் தெரியாது, நாம்தான் சொல்லிவைக்க வேண்டும் என்றேன். தாளை மடித்து என்னிடமே கொடுத்துவிட்டுத் துணியை அடுக்கினாள்.

அத்தா இல்லாததால் பெண்ணுக்குப் பொறுப்பாளி நான். எங்கள் வழக்கம் உனக்குத் தெரியும், சின்ன வயதில் நீயும் வந்து பார்த்திருக்கிறாய். இரண்டு சாட்சிகளோடு உள்ளறை வாசலுக்குப் போய்ப் பெண்ணிடம் சம்மதம் கேட்க வேண்டும். கல்யாணப் பதிவேடான தப்தரைக் கையில் வைத்துக்கொண்டு, இன்னார் மகன் இன்னாருக்கு உன்னை நிக்காஹ் செய்து கொடுக்கச் சம்மதமா என்று கேட்டேன். இந்த ஏழெட்டு மாதத்தில் அவளிடம் நான் கேட்ட முதல் கேள்வி அதுதான் என்று கேட்கும்போதே எனக்கு உறைத்தது.

அவள் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள், ஒன்றும் சொல்லவில்லை. மறுபடி கேட்டேன். மூன்றாம் தரமும் கேட்டேன். கூட வந்த சாட்சிகள் என்னைப் பார்த்தார்கள். வெளியே மாப்பிள்ளை வீட்டார் காத்திருந்தார்கள். பிரியாணிச் சட்டியைத் திறந்த வாசனை உள்ளே வந்தது. பள்ளிவாசல் ஹஜ்ரத் வாசலிலிருந்தே, "பொண்ணு பேசாம இருந்தா சம்மதம்தான் தம்பி, எழுதுங்க" என்றார்.

தப்தரில் அவளுடைய கட்டம் காலியாக இருந்தது. நான் அதில் சம்மதம் என்று எழுதினேன்.

ஹனிபா